சந்து வழியாகவும் ஊர் போய்ச் சேரலாம்!

பல் டாக்டருக்குப் படித்துவிட்டு, அடுப்படியோடு நின்றுவிட்ட பெண்கள் நம்மில் நிறையப் பேர் உண்டு. ஒன்பது வருஷம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

நாலு வருஷப் படிப்பு, ஒரு வருஷப் பயிற்சி எல்லாம் முடித்து, 1996ல் பி.டி.எஸ். வாங்கினேன். உடனே கல்யாணம். கணவருக்கு வங்கி வேலை. போர்டு மாட்டி, நாலு பேர் நம்பி வருவதற்குள் அடுத்த ஊருக்கு மாற்றல் வந்துவிடும். இரண்டு குழந்தைகளும் பிறந்தனர். "படிச்ச படிப்பு வீணாப் போச்சேடி" என்று அம்மா புலம்புவார். நானோ, பல் மருத்துவக் கவுன்சில் பதிவை மட்டும் விடாமல் புதுப்பித்து வந்தேன்.

2005ல் சின்னவன் பள்ளிக்குப் போனதும், கும்பகோணத்திலேயே தங்கிவிட முடிவு செய்தோம். என்னைவிட இளைய டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் சம்பளத்துக்குச் சேர்ந்தேன். "டாக்டரே டாக்டர்கிட்ட கைகட்டி நிக்கறதா அண்ணி?" என்று நாத்தனார் சிரித்தாள். நான் படித்தபோது சொத்தைப் பல்லுக்குப் பெரும்பாலும் பாதரசம் கலந்த வெள்ளி அடைப்புதான். இங்கேயோ, ஒளி காட்டி இறுகச் செய்யும் பல் நிற அடைப்பு. அதையும், மருந்து கொள்முதல், கணக்கு வழக்கையும் நாலு வருஷம் பழகினேன்.

2009ல் பன்னிரண்டு பவுனை அடகு வைத்து, வீட்டு முன் அறையில் கிளினிக் திறந்தேன். நாற்காலி பழசுதான். ஆனால், கருவிகளை 121 டிகிரி நீராவியில் சுத்தம் செய்யும் ஆட்டோகிளேவ் புதுசு. அதில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை. முதல் மாசம் வந்தது பதினோரு பேர்! வட்டி கட்டவே திண்டாட்டம். நகை மூழ்கிவிடுமோ என்று தூக்கமே வராது.

பக்கத்துப் பள்ளியில் இலவசமாகப் பல் பார்த்தேன். ஆறு வயசில் பின்னால் முளைக்கும் கடைவாய்ப் பல்லைப் பால் பல் என்றே பல தாய்மார்கள் நினைத்திருந்தனர். "அது நிரந்தரப் பல், விழுந்தால் மறுபடி முளைக்காது" என்றதும், பிள்ளைகளோடு வரத் தொடங்கினர். அழுகிற குழந்தையை வாய் திறக்க வைக்க, வீட்டில் இரண்டை வளர்த்த அனுபவம்தான் கைகொடுத்தது. மூன்று வருஷத்தில் நகையை மீட்டேன்.

2020 கொரோனாவில், பல்லைக் குடையும்போது நீர்த்திவலை தெறிக்கும் என்பதால் கிளினிக்கை மூட வேண்டியதாயிற்று. உதவிக்கு இருந்த இரண்டு பெண்களுக்கும் சேமிப்பிலிருந்து பாதிச் சம்பளம் கொடுத்தேன். மறுபடி திறந்தபோது இருவரும் ஓடி வந்தனர். இன்று இரண்டு நாற்காலிகள். கூடவே, பிரசவத்துக்குப் பின் வீட்டிலிருந்த இளம் பெண் டாக்டர் ஒருவரும் இருக்கிறார்.

படித்துவிட்டு வீட்டிலிருக்கும் சகோதரிகளே, பதிவை விட்டுவிடாதீங்க. சொந்தக் கிளினிக் வைக்குமுன் ஒரு வருஷமாவது இன்னொருவரிடம் வேலை பாருங்க. ஆறு மாசச் செலவுக்குப் பணம் எடுத்து வைத்துக்கொண்டு திறங்க. வயசாயிடுச்சே என்று மட்டும் தயங்காதீங்க!

- ஒரு பல் டாக்டர் வாசகி, கும்பகோணம்.