உங்களுக்குத் தெரியுமா? துப்பாக்கி போய்ப் புத்தகம் வந்த கதை

● ஜேம்ஸ் பாண்ட் உண்மையில் ஒரு பறவையியலாளர்! ஃபிலடெல்பியாக்காரரான அவர் 1936-ல் மேற்கிந்தியத் தீவுகளின் பறவைகளைப் பற்றி ஒரு கையேடு எழுதினார். ஜமைக்காவில் வீடு கட்டிக் குளிர்காலங்களைக் கழித்துவந்த எழுத்தாளர் இயான் ஃபிளெமிங்கிடம் அந்தப் புத்தகம் இருந்தது. தன் உளவாளிக்குக் கவர்ச்சியே இல்லாத, சாதாரணமான ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தவர், அட்டையில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார். முதல் 007 நாவல் 1953-ல் வெளிவந்தது. 2002-ல் வந்த ‘டை அனதர் டே’ படத்தில் பியர்ஸ் பிராஸ்னன் அதே புத்தகத்தைக் கையில் எடுக்கிறார், தன்னைப் பறவையியலாளர் என்றே சொல்லிக்கொள்கிறார். படம் சுமார்தான். அந்தக் காட்சிக்காக வேண்டுமானால் இன்னொரு முறை பார்க்கலாம்.

● ‘கின்னஸ்’ சாதனைப் புத்தகம் பிறந்ததும் ஒரு பறவைச் சண்டையில்தான். 1951-ல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டில் வேட்டைக்குப் போன கின்னஸ் மதுபான நிறுவனத்தின் நிர்வாகி ஹ்யூ பீவர் சுட்ட குண்டு, பொன்னிற உப்புக்கொத்தி ஒன்றின் மேல் படவில்லை. ஐரோப்பாவில் வேட்டையாடப்படும் பறவைகளில் எது வேகமானது, உப்புக்கொத்தியா, கிரவுஸ் கோழியா என்று அன்று மாலை வாக்குவாதம். புத்தக அலமாரியில் விடை இல்லை. அப்படி ஒரு புத்தகத்தை நாமே போட்டால் என்ன என்று தோன்றியதன் விளைவு, 1955-ல் வந்த முதல் பதிப்பு.

● ஓவியர் ஆடுபானின் ‘அமெரிக்கப் பறவைகள்’ நூலை மடியில் வைத்துப் படிக்க முடியாது. அதன் உயரம் ஏறக்குறைய ஒரு மீட்டர். பறவை எந்த அளவோ அதே அளவில் படமும் இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். சின்னக் குருவிகளுக்குச் சிக்கல் இல்லை. பூநாரைக்கு என்ன செய்வது? கழுத்தைத் தரைவரை வளைத்துத் தாளுக்குள் அடக்கினார். 1827 முதல் 1838 வரை, தவணைக்கு ஐந்து வீதம் 435 படங்கள் வெளிவந்தன. படத்தோடு பெயர் இருக்கும், விளக்கவுரை இருக்காது. அதற்குக் காரணம் கலை அல்ல, கணக்கு! எழுத்தும் சேர்ந்தால் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டப்படி நூலகங்களுக்கு இலவசப் பிரதிகள் கொடுக்க வேண்டியிருந்தது. இத்தனை விலையுள்ளதை யார் சும்மா கொடுப்பார்? விளக்கத்தைத் தனி நூலாகப் போட்டுவிட்டார். 2010-ல் லண்டனில் ஒரு முழுப் பிரதி 70 லட்சம் பவுண்டுக்கும் மேல் ஏலம் போனது.

இதையும் சொல்லிவிட வேண்டும்: கொத்தவும் பாயவும் துடிப்பதுபோல் தெரிகிற அந்தப் பறவைகளில் பெரும்பாலானவை, அவர் சுட்டு வீழ்த்திக் கம்பி கொடுத்து நிறுத்தி வரைந்தவை. 19-ஆம் நூற்றாண்டில் ‘பறவை பார்ப்பது’ என்றாலே கிட்டத்தட்ட இதுதான்.

● விதிவிலக்கு ஒருவர் உண்டு. லண்டன் விலங்குக்காட்சி சாலையில் உயிரோடு உட்கார்ந்திருந்த கிளிகளைப் பார்த்து வரைந்தார் எட்வர்ட் லியர். கிளிகளுக்கென்றே ஒரு பெரிய படநூலைத் தொடங்கியபோது அவருக்கு வயது 18. அந்தப் படங்களைப் பார்த்து வியந்த ஒரு பிரபு குடும்பம், தங்கள் மாளிகையில் வளர்த்த பறவைகளை வரைய அவரை அழைத்தது. அங்கிருந்த குழந்தைகளைச் சிரிக்கவைக்க லியர் கிறுக்கிய வேடிக்கைப் பாட்டுகள்தான் 1846-ல் புத்தகமாகின. அதை உலகம் முழுக்கப் பிள்ளைகள் படித்தார்கள். பிரேசிலின் நீல நிற மக்கா கிளி ஒன்றுக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். 1873 முதல் 1875 வரை இந்தியாவிலும் இலங்கையிலும் சுற்றி ஓவியங்கள் தீட்டினார் என்பது உபரிச் செய்தி.

● சார்லட் பிராண்டியின் ‘ஜேன் அயர்’ நாவலின் தொடக்கத்தில், அநாதைச் சிறுமி திரைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒரு புத்தகம் பார்க்கிறாளே, அது தாமஸ் பீவிக்கின் ‘பிரிட்டிஷ் பறவைகளின் வரலாறு’. மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்ட படங்களோடு 1797-லும் 1804-லும் இரண்டு தொகுதிகளாக வந்த நூல்.

● துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு நாடகக் கொட்டகைக் கண்ணாடியைக் கையில் எடுக்கச் சொன்னவர் ஒரு பெண். ஃபிளாரன்ஸ் மெர்ரியம் கல்லூரியில் படித்தபோது, தொப்பியில் பறவை இறகு செருகும் நாகரிகத்துக்கு எதிராகச் சக மாணவிகளைத் திரட்டினார். 1889-ல் ‘ஒபேரா கண்ணாடி வழியே பறவைகள்’ என்ற நூலை எழுதினார். இளையவர்களையும் பெண்களையும் மனதில் வைத்து எழுதியது அது. உயிருள்ள பறவையைத் தூர இருந்து பார்த்து இனம் காணச் சொல்லிக்கொடுத்த முதல் கையேடு என்று பலர் அதைத்தான் சொல்கிறார்கள். ஆடுபானுக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்குகூட இவருக்குக் கிடைக்கவில்லை. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

● இன்று நாம் பயன்படுத்தும் பறவைக் கையேடுகளின் தாத்தா, ஒரு சிறுவர் கதையிலிருந்து வந்தது. எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டன் 1903-ல் எழுதிய கதையில் யான் என்ற பையன் வருவான். தூரத்தில் நீந்தும் வாத்துகளைப் புத்தகப் படங்களோடு ஒப்பிட முடியாமல் தவிக்கும் அவன், தொலைவிலிருந்து எந்தத் திட்டு, எந்தப் பட்டை தெரிகிறதோ அதை மட்டும் வரைந்து வைத்துக்கொள்வான். அதைப் படித்து வளர்ந்த ரோஜர் டோரி பீட்டர்சன், எல்லாப் பறவைகளுக்கும் அதையே செய்தால் என்ன என்று கேட்டார். தட்டையான படம், முக்கிய அடையாளத்தைச் சுட்டும் சிறு கோடு, அவ்வளவுதான். சில பதிப்பகங்கள் கையை விரித்தன. 1934-ல் ஒருவழியாக 2,000 பிரதிகள் அச்சாயின. ஓரிரு வாரத்தில் தீர்ந்துபோயின.

● சிறுவர் புத்தகம் நோபல் பரிசு வரை கொண்டுபோகுமா? இரண்டு முறை போயிருக்கிறது! புவியியல் பாடத்தைச் சுவையாகச் சொல்ல ஒரு நூல் வேண்டும் என்று சுவீடன் ஆசிரியர் சங்கம் கேட்க, செல்மா லாகர்லாஃப் 1906-ல் நில்ஸ் என்ற குறும்புக்காரனை வாத்தின் முதுகில் ஏற்றினார். காட்டு வாத்துக் கூட்டத்தோடு அவன் நாடு முழுவதும் பறக்கிறான். 1909-ல் இலக்கிய நோபல் பெற்ற முதல் பெண் ஆனார் லாகர்லாஃப். ஆஸ்திரியாவில் அந்தக் கதையைக் கேட்ட ஒரு சிறுவனுக்குக் காட்டு வாத்தாகிவிட வேண்டும் என்று ஆசை. அது நடக்காது என்று தெரிந்ததும், ஒரு வாத்தாவது வேண்டும் என்று அடம். பொரிந்தவுடன் கண்ணில் பட்டவரையே தாயென்று நம்பிப் பின்தொடரும் வாத்துக் குஞ்சுகளை ஆராய்ந்த கொன்ராட் லோரன்ஸ்தான் அந்தச் சிறுவன். அவருக்கு 1973-ல் நோபல்.

● ‘வாத்துக் குஞ்சுகளுக்கு வழி விடுங்கள்’ என்ற படக்கதையை வரைய, நியூயார்க்கில் இருந்த தன் வீட்டுக்கே வாத்துகளைக் கொண்டுவந்து குளியல் தொட்டியில் விட்டார் ராபர்ட் மெக்லாஸ்கி. ஒரு நிமிடம் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தனவாம். கொஞ்சம் சிவப்பு ஒயின் ஊற்றிக் கொடுத்த பிறகுதான் வரையத் தோதாக நிதானத்துக்கு வந்தன! 1941-ல் வந்த அந்தக் கதையின் தாய் வாத்துக்கும் எட்டுக் குஞ்சுகளுக்கும் பாஸ்டன் பூங்காவில் வெண்கலச் சிலைகள் இருக்கின்றன.

● அமெரிக்காவின் மிகப் பழைய சிறுவர் இலக்கிய விருதான நியூபெரியை 1928-லேயே ஒரு வங்காளி வாங்கிவிட்டார். பெயர் தன் கோபால் முகர்ஜி. புத்தகத்தின் நாயகன் சித்திரகிரீவன் என்ற புறா. கல்கத்தா மொட்டை மாடியில் வளர்ந்து, முதல் உலகப் போரில் பிரான்சுக்குத் தூது சுமந்து போகும் புறா.

● காங்கிரஸ் கட்சியைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் என்று பள்ளிப் பாடத்தில் படிக்கும் ஏ.ஓ. ஹியூம், இந்தியப் பறவையியலின் தந்தை என்றும் சொல்லப்படுகிறார். ஆனால் அவர் எழுத நினைத்த பெரிய நூல் வரவே இல்லை. கால் நூற்றாண்டு சேர்த்த குறிப்புகளை, சிம்லா வீட்டு வேலைக்காரர் பழைய பேப்பராக நினைத்து எடைக்குப் போட்டுவிட்டார். மனம் வெறுத்துப்போன ஹியூம், பாடம் செய்த பறவைகளும் முட்டைகளுமாகச் சேர்த்து வைத்திருந்த எண்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை 1885-ல் லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். காங்கிரஸ் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.

● பறவையியலாளர் சாலிம் அலியின் கதையிலும் முதலில் வருவது துப்பாக்கிதான். பம்பாயில் சிறுவனாக இருந்தபோது ஏர்கன்னால் ஒரு குருவியைச் சுட்டார். கழுத்தில் மஞ்சள் கறை இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவி இல்லையே என்று சந்தேகம். மாமாவுக்கும் தெரியவில்லை. கடிதம் கொடுத்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்ட் என்ற ஆங்கிலேயர், பையன்தானே என்று விரட்டாமல், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று சொல்லி, பாடம் செய்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். படிக்கப் புத்தகமும் கொடுத்தனுப்பினார். ‘ஈஹா’ என்ற புனைபெயரில் எழுதிய எய்ட்கனின் ‘பம்பாயின் சாதாரணப் பறவைகள்’ அவற்றில் ஒன்று. இரவல் கொடுத்த ஒரு புத்தகம் இந்த நாட்டுக்கு இவ்வளவு லாபம் தந்ததாக வேறு உதாரணம் எனக்குத் தெரியாது.

1930 வாக்கில் வேலை போய், கிஹிம் கிராமத்து வீட்டில் சும்மா இருந்த காலத்தில் தூக்கணாங்குருவிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆண் கூட்டைப் பாதி கட்டிவைக்கும். பெண் வந்து சோதித்துப் பார்த்துப் பிடித்தால்தான் குடித்தனம் என்பதை விரிவாக எழுதினார். 1941-ல் ‘இந்தியப் பறவைகளின் புத்தகம்’ வந்தது. டேராடூன் சிறையில் இருந்த நேரு, அதில் ஒரு பிரதியை மகளுக்கு அனுப்பினார். அதுவரை பறவைகளைப் பொருட்படுத்தாத தன் கண்ணைத் திறந்தது அந்த நூல்தான் என்று பின்னாளில் இந்திரா காந்தியே எழுதியிருக்கிறார். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தபோது அவர்தான் பிரதமர்.

சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட ‘சலீம் மாமூவும் நானும்’ என்ற குழந்தைகள் நூலை எழுதிய ஸாயி விட்டேகர், சாலிம் அலியின் குடும்பத்துப் பெண். மாமூவைப் போல எல்லாப் பறவையும் தனக்குத் தெரியவில்லையே என்று ஏங்கும் ஒரு சிறுமியின் கதை அது.

● இந்தியக் குழந்தைகளுக்காக நேஷனல் புக் டிரஸ்ட் 1970-ல் வெளியிட்ட பறவை நூலின் ஆசிரியர் ஜமால் ஆரா. இன்று ஜார்க்கண்ட் ஆகிவிட்ட பகுதியின் காடுகளில் பறவைகளைக் கவனித்தவர். புத்தகம் மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பு கண்டது. எழுதியவரை ஊர் மறந்துவிட்டது.

● புத்தகம் எழுதப்போய்த் திருடனைப் பிடித்த கதை தெரியுமா? தெற்காசியப் பறவைகளுக்கு ஒரு முழுமையான கையேடு தயாரிக்க அருங்காட்சியக இழுப்பறைகளைத் துருவிக்கொண்டிருந்தார் பமீலா ராஸ்முசன். பெரிய பறவையியலாளர் என்று பெயரெடுத்த கர்னல் மைனர்ட்ஷாகனின் சேகரிப்பில் ஏதோ இடித்தது. மற்றவர்கள் பாடம் செய்து வைத்ததைத் திருடி, பொய்யான ஊரும் தேதியும் எழுதி ஒட்டியிருந்தார் மனிதர்! ஒரு காட்டுச் சிற்றாந்தையை 1914-ல் குஜராத்தில் பிடித்ததாக அவர் எழுதியதும் அப்படித்தான். அந்தப் பொய்த் தடயத்தை ஒதுக்கிவிட்டு, 1884 வரை அது உண்மையாகப் பிடிபட்ட பகுதிகளில் தேடினார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தில் ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது. ராஸ்முசனின் கையேடு 2005-ல் வெளிவந்தது.

● தமிழ்நாட்டில் பறவையைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவர்கள் முதலில் படிக்க வேண்டியவர் மா. கிருஷ்ணன். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950-ல் தொடங்கிய பத்தியை 46 ஆண்டுகள் விடாமல் எழுதினார். கடைசிக் கட்டுரை வெளிவந்த 1996 பிப்ரவரி 18 அன்றுதான் காலமானார். படம் எடுத்ததெல்லாம் கறுப்பு வெள்ளையில், பல கேமராக்களின் உறுப்புகளை ஒட்டுப்போட்டுத் தானே செய்துகொண்ட கேமராவில். ஆங்கிலத்தில் எழுதியது போக, தமிழில் எழுதியவை ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்று தொகுப்பாகக் கிடைக்கின்றன. தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். அவரே எழுதிய ‘வானில் பறக்கும் புள்ளெலாம்’ நூலையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

● சங்கப் பாடல்களில் வரும் அன்றிலும் நாரையும் இன்றைக்கு எந்தப் பறவைகள் என்று விலங்கியல் கண்ணோடு ஆராய்ந்தவர் புதுச்சேரி அரசு அதிகாரி பி.எல். சாமி. நூலின் பெயர் ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’. தமிழாசிரியர்கள் வகுப்புக்கு எடுத்துப்போக வேண்டிய புத்தகம்.

● முதன்முதலாகப் பறவை பார்க்கக் கிளம்புகிறவர்களுக்குத் தமிழில் கைக்கு அடக்கமானது, ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய ‘பறவைகள்: அறிமுகக் கையேடு’. க்ரியா வெளியீடு. பளபளவென்று ஐந்து கிலோவுக்கு ஒரு படப்புத்தகம் வாங்கி ஷோகேஸில் வைக்கிறவர்களுக்கு என் பரிந்துரை இல்லை. பிள்ளைகளின் முதல் பறவைப் புத்தகம் மண் படவும் மழையில் நனையவும் தயாராக இருக்க வேண்டும்.

● சென்னைப் புத்தகக் காட்சி பெரும்பாலும் ஜனவரியில் நடக்கிறது. அதே மாதம், பொங்கல் விடுமுறையில், தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பும் நடக்கிறது. அதற்குக் காட்டுக்கெல்லாம் போக வேண்டாம். மொட்டை மாடியிலோ குளக்கரையிலோ 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ‘ஈபேர்ட்’ தளத்தில் பதிந்தால் போதும். இந்த முறை அரங்கில் ஒரு கையேடு வாங்கி, பொங்கலன்று காலை பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். பைனாகுலரை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், புத்தகத்தை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.