கரிசல் நிலத்து வீடுகளும் சமமற்ற அடித்தளமும்

ஒரு வீட்டின் அடித்தளம் முழுவதும் ஒரே அளவில் சில சென்டிமீட்டர் கீழிறங்கினால் வீட்டுக்குப் பெரிய கேடு நேர்வதில்லை. கதவுகள் வழக்கம்போல் மூடும், சுவர்களும் நேராகவே நிற்கும். ஒரு மூலை இறங்க, மற்றொரு மூலை இருந்த இடத்திலேயே நின்றுவிடும்போதுதான் சுவர் இழுபட்டு வெடிக்கிறது. ‘வேறுபட்ட அமிழ்வு’ எனப்படும் இந்நிலைக்கு ஓர் அளவுகோல் உண்டு. 1956-இல் ஸ்கெம்ப்டன், மெக்டொனால்டு என்னும் இரு பொறியாளர்கள், அமிழ்ந்த கட்டடங்கள் பலவற்றின் பதிவுகளை ஆராய்ந்து, இரு தூண்களுக்கு இடையிலான அமிழ்வு வேறுபாடு அவற்றின் இடைவெளியில் 300-இல் ஒரு பங்கை எட்டும்போது சுவர்களில் விரிசல் தோன்றும் என்றும், 150-இல் ஒரு பங்கை எட்டும்போது தூண்களும் உத்திரங்களுமே பழுதாகக்கூடும் என்றும் வரையறுத்தனர். 3 மீட்டர் இடைவெளியுள்ள இரு தூண்களுள் ஒன்று மற்றதைவிட வெறும் 1 சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கினாலே முதல் எல்லை வந்துவிடுகிறது. தூண்களின்றிச் செங்கல் சுவர்களே பாரம் தாங்கும் பழைய வீடுகள் இதைவிடக் குறைந்த வேறுபாட்டையும் பொறுப்பதில்லை.

தமிழ்நாட்டில் இச்சிக்கலை மிகுதியாக எதிர்கொள்பவை கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களைச் சூழ்ந்த கரிசல் நிலத்து வீடுகளாகும். கரிசல் மண்ணில் நிறைந்துள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் களிக்கனிமம் மெல்லிய அடுக்குகளால் ஆனது. அந்த அடுக்குகளுக்கிடையே நீர் புகும்போது மண் உப்புகிறது, நீர் வெளியேறும்போது சுருங்கிக் கோடையில் கை நுழையுமளவுக்குக் கூடப் பிளக்கிறது. வீட்டின் நடுப்பகுதிக்குக் கீழுள்ள மண்ணைத் தளம் மூடியிருப்பதால் அங்கு ஈரம் பெரிதும் மாறுவதில்லை; வெளிச்சுவர்களை ஒட்டிய மண்ணோ மழைக்காலத்தில் நனைந்தும் கோடையில் காய்ந்தும் மாறிக்கொண்டே இருக்கிறது. ஆகவே வீட்டின் ஓரங்கள் ஆண்டுதோறும் ஏறி இறங்க, நடுப்பகுதி அசையாமல் நிற்கிறது. உப்பும் மண்ணின் அழுத்தத்தை எதிர்த்து அமுக்கிவைக்கப் போதிய எடை இல்லாததால், கனத்த மாடிக் கட்டடத்தைவிட ஓரடுக்கு வீடே இதில் கூடுதலாகப் பாதிக்கப்படுகிறது என்பது பலர் எதிர்பாராத உண்மை. சிறுகச் சிறுகச் சேமித்து ஒரே ஒரு வீட்டைக் கட்டுவோருக்கே இந்த மண் மிகுந்த இழப்பைத் தருகிறது என்பதால், இதைப் பற்றிய அறிவு பொறியாளர்களோடு நின்றுவிடலாகாது.

எல்லா விரிசலும் அடித்தளத்திலிருந்து வருவதில்லை. சிமென்ட் பூச்சில் வலைபோல் பரவும் மயிரிழைக் கீறல்கள் பூச்சு உலரும்போது சுருங்கியதால் வருபவை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேர்க்குத்தாக ஓடும் கோடு, வெப்பத்தில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வருவது. அடித்தள அசைவின் அடையாளம் சன்னல், வாசல் ஆகியவற்றின் மூலைகளிலிருந்து சாய்வாக எழும் விரிசலாகும். பூசப்படாத செங்கல் சுவரில் அது இணைப்புகளைப் பற்றிக்கொண்டு படிப்படியாக ஏறும். விரிசல் மேற்பக்கம் அகன்றிருந்தால் வீட்டின் ஓரம் இறங்குகிறது எனவும், கீழ்ப்பக்கம் அகன்றிருந்தால் நடுப்பகுதி இறங்குகிறது அல்லது ஓரங்கள் உயர்கின்றன எனவும் பெரும்பாலும் கொள்ளலாம். கதவு நிலையில் இடிப்பது, தளத்துக்கும் சுவருக்கும் இடையே இடைவெளி தோன்றுவது ஆகியனவும் உடன்வரும் அறிகுறிகள். விரிசலின் அகலம் 5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் பாதிப்பு சிறிது என்றும், 15 மில்லிமீட்டரைத் தாண்டினால் கடுமையானது என்றும், 25 மில்லிமீட்டரைத் தாண்டினால் கட்டடத்தின் நிலைப்புக்கே ஆபத்து என்றும் பொறியாளர்கள் வகைப்படுத்துகின்றனர்.

அகலத்தைக் காட்டிலும் முக்கியமானது அது மாறும் விதம். விரிசலின் இருபுறமும் பென்சிலால் புள்ளியிட்டு, இடைவெளியைத் தேதியுடன் மாதந்தோறும் குறித்துவந்தால் போதும். கோடையில் விரிந்து ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் மூடிக்கொள்ளும் விரிசல் கரிசலின் இயல்பான அசைவையும், ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போகும் விரிசல் தொடரும் அமிழ்வையும் காட்டுகின்றன. பின்னதற்குக் காரணம் பெரும்பாலும் வேறாக இருக்கும்: மனையின் ஒரு பாதி தூர்க்கப்பட்ட குளமாக இருந்திருக்கலாம், கழிவுநீர்க் குழாய் உடைந்து மண்ணை அரித்திருக்கலாம், அல்லது ஒரு தளத்துக்கென இட்ட அடித்தளத்தின்மேல் மாடி எழுப்பியிருக்கலாம். எந்த மூலை எவ்வளவு தாழ்ந்துள்ளது என்பதை, நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயைக் கொண்டு கொத்தனார்கள் பார்க்கும் டியூப் லெவல் முறையிலேயே மில்லிமீட்டர் அளவுக்கு அறிந்துவிடலாம். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் கடக்குமுன் விரிசலைச் சிமென்ட் வைத்து அடைப்பது தவறு. மீண்டும் மூட முயலும் சுவருக்கு இடையில் அடைத்த சிமென்ட் ஆப்பாக நின்று புதிய இடத்தில் வெடிப்பை உண்டாக்கும். விரிசல் விரைந்து வளர்ந்தாலோ உத்திரத்திலும் தூணிலும் தென்பட்டாலோ மட்டும் காத்திராமல் கட்டமைப்புப் பொறியாளரை உடனே அழைக்க வேண்டும்.

பழுதுபார்ப்பதில் முதல் வேலை நீரை ஒழுங்குபடுத்துவதாகும். மாடியிலிருந்து விழும் மழைநீரைச் சுவரோரத்தில் விடாமல் தொலைவுக்குக் கொண்டுசெல்வதும், கசியும் குழாய்களையும் கழிவுநீர்த் தொட்டியையும் சரிசெய்வதும், வீட்டைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் குறையாத அகலத்தில் வெளிநோக்கிச் சரிந்த கான்கிரீட் தளம் அமைப்பதும் ஓரத்து மண்ணின் ஈர மாற்றத்தைக் குறைக்கின்றன. சுவரருகே நிற்கும் பெரிய மரம் மண்ணின் ஈரத்தை உறிஞ்சி அதைச் சுருங்கச் செய்யும் என்பது உண்மையே. ஆயினும் நெடுங்காலம் நின்ற மரத்தை ஒரே நாளில் வெட்டிவிட்டால், அதுவரை வறண்டிருந்த களிமண் நீரேறி உப்பிச் சுவரை மேலே தள்ளத் தொடங்கும். கிளைகளைக் கழித்து மரத்தின் நீர்த்தேவையைக் குறைப்பதே பெரும்பாலும் பாதுகாப்பான வழி. இவ்வளவும் செய்தபின் பல வீடுகளில் அசைவு அடங்கிவிடுவதால், செலவு மிக்க வேலைகளைப் பற்றி அதற்குப் பிறகே எண்ண வேண்டும்.

அடங்காதபோது அடித்தளத்துக்குக் கீழே புதிய தாங்கலை அமைக்க வேண்டியிருக்கும். சுவருக்கடியில் ஒரு மீட்டர் அளவுள்ள குழிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டி, கான்கிரீட் இட்டு இறுகவிட்டபின் இடைப்பட்டவற்றைத் தோண்டுவது பழைய முறை. குழிகளை ஒரே நேரத்தில் திறந்தால் சுவர் சரியும். கரிசலுக்கு மேலும் ஏற்றது, ரூர்க்கியிலுள்ள மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண். ஈரம் மாறும் மேல்மண்ணைத் தாண்டி ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும் இத்தூணின் குமிழ், தண்டின் விட்டத்தைப் போல் இரண்டரை மடங்கு வரை அகன்று, மண் உப்பினாலும் மேலெழாமல் பிடித்துக்கொள்கிறது. சுவரின் இருபுறமும் இத்தகைய தூண்களை இறக்கி, சுவரை ஊடுருவும் குறுக்குத் தாங்கிகளால் இணைத்துப் பாரத்தை அவற்றின்மேல் மாற்றலாம். சாலை உயர்ந்ததால் தாழ்ந்துபோன வீடுகளை ஜாக்கிகளால் தூக்கும் வேலை சென்னையில் பெருகியிருந்தாலும், வீட்டை உயர்த்துவது வேறு, உப்பிச் சுருங்கும் மண்ணிலிருந்து அதைக் காப்பது வேறு. கீழுள்ள மண்ணை ஆராயாமல் தூக்கப்பட்ட வீடு அதே மண்ணின்மேல்தான் மீண்டும் அமர்கிறது.

அசைவு நின்றது உறுதியான பின்னரே சுவரைத் தொட வேண்டும். விரிசலின் இருபுறமும் பூச்சை அகற்றி, செங்கல் இணைப்புகளில் விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கம்பிகளைப் பதித்து, சுருங்காத கலவையால் நிரப்பிய பிறகு பூச வேண்டும். இடிக்கும் கதவை இழைப்பது இவ்வரிசையில் கடைசி வேலை. முன்கூட்டியே இழைத்த கதவு, சுவர் தன் நிலைக்குத் திரும்பும்போது இடைவெளி விட்டு நிற்கும்.