தலைவர் தடம் மாறினால் வாக்காளர் செய்யத்தக்கது யாது?

நம்பிய தலைவர் கொள்கையைக் கைவிடும்போது, அவரை எதிர்த்தவரைவிட ஆதரித்தவரே பெரிதும் மனம் நோகின்றனர். “இனி யாரை நம்புவது?” என்று சலித்து வாக்குச் சாவடிக்கே போகாதிருப்பவர் சிலர், கட்சியை உதறிவிட்டுப் புதுக்கொடி உயர்த்துவோர் சிலர், “எப்படியாயினும் நம்மவர்தாமே” என்று கண்ணை மூடிக்கொண்டு பின்செல்வோர் பலர். ஏழை எளியோரின் நலம் கருதி வாக்களிக்கும் முற்போக்காளர் இவற்றுள் எதனை மேற்கொள்வது? 1931-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் தொழிற்கட்சி கண்ட பிளவும், அதன்பின் வந்த பதினான்கு ஆண்டு வரலாறும் இவ்வினாவுக்கு விடை காண உதவுகின்றன.

அக்கட்சியின் தலைவராய் விளங்கிய ராம்சே மாக்டனால்டை, 1932-இல் இந்தியாவுக்கு வகுப்புவாரித் தீர்ப்பு வழங்கிய பிரதமர் என்ற அளவில் தமிழர் பலரும் அறிவர். ஸ்காத்லாந்தில் ஏழைப் பண்ணைப் பணிப்பெண்ணின் மகனாய் 1866-இல் பிறந்தவர் அவர். முதல் உலகப் போரைத் துணிந்து எதிர்த்து, அதற்காகவே 1914-இல் கட்சியின் நாடாளுமன்றத் தலைமையைத் துறந்தவர்; 1924-இல் தொழிற்கட்சியின் முதற் பிரதமரானவர். 1929-ஆம் ஆண்டுத் தேர்தலில் கட்சி 287 இடங்களை வென்று, தனிப் பெரும்பான்மை இல்லாதபோதிலும் மீண்டும் ஆட்சியில் அமர்ந்தது. சுரங்கத் தொழிலாளர் நிறைந்த சீகம் தொகுதி மாக்டனால்டைப் பெருமிதத்துடன் தேர்ந்தெடுத்தது.

அவ்வாண்டின் இறுதியிலேயே உலகப் பொருளாதார மந்தம் தலைகாட்டிற்று. மலாயாவில் ரப்பர் விலை வீழ்ந்து, தோட்டத் தமிழர் பல்லாயிரவர் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதும் இம்மந்தத்தினால்தான். பிரிட்டனில் வேலையற்றோர் தொகை 1931-இல் 25 லட்சத்தைக் கடந்தது. அரசாங்கத்தின் வரவு செலவில் பெருந்துண்டு விழும் என்றும், வேலையற்றோர் உதவித் தொகையைக் குறைக்கவேண்டும் என்றும் சர் ஜார்ஜ் மே தலைமையிலான குழு அறிவித்தது. உதவித் தொகையில் நூற்றுக்குப் பத்து வீதம் வெட்டுவதா என்று ஆகஸ்ட் 23-ஆம் நாள் மந்திரி சபை கூடி ஆராய்ந்தது. பதினொருவர் ஆதரித்தனர், ஒன்பதின்மர் எதிர்த்தனர். மறுநாளே மாக்டனால்டு, கன்சர்வேடிவ் கட்சியினரையும் லிபரல் கட்சியினரையும் சேர்த்துக்கொண்டு ‘தேசிய அரசாங்கம்’ அமைத்து, அதற்கும் தாமே பிரதமரானார். அடுத்த மாதம் கட்சி அவரை விலக்கிற்று.

இதன் விளைவு ஏழையின் அடுப்பங்கரையிலே தெரிந்தது. வேலையற்ற ஆடவர் ஒருவரின் வார உதவி 17 ஷில்லிங்கிலிருந்து 15 ஷில்லிங் 3 பென்ஸாகக் குறைந்தது. ஆசிரியர் சம்பளத்திலும் வெட்டு விழுந்தது. நெடுநாள் வேலையின்றி இருந்தோர்க்கு ‘குடும்ப வருமானச் சோதனை’ என்ற முறை வந்தது; மகன் சம்பாதித்தால் அதைக் கணக்கிட்டுத் தந்தையின் உதவியைக் குறைத்தனர். எந்தத் தங்கத் திட்டத்தைக் காப்பதற்கென்று இவ்வெட்டுக்களைச் செய்தனரோ, அத்திட்டத்தையே செப்டம்பர் 21-ஆம் நாள் அவ்வரசாங்கம் கைவிட்டது!

அக்டோபரில் நடந்த தேர்தலில் தொழிற்கட்சி 52 இடங்களுக்குச் சுருங்கியது. சீகம் தொகுதியிலும் மாக்டனால்டே வென்றார். ஆயினும் ஈண்டு ஓர் உண்மையைக் கருத வேண்டும். 1929-இல் கட்சி பெற்ற வாக்குகள் ஏறத்தாழ 84 லட்சம். 1931-இல் சுமார் 66 லட்சம். இடங்களில் ஆறில் ஐந்து பங்கு போயிற்று. வாக்குகளில் போனது ஐந்தில் ஒரு பங்கு அளவே. எதிர்ப்பு வாக்குகள் ஒருமுகப்பட்டதால் இடங்கள் கவிழ்ந்தன. தலைவர் போன பின்னும் கொள்கையோடு நின்றவர் 66 லட்சம் பேர் என்பதே கட்சி மீண்டெழுவதற்கு அடிப்படையாயிற்று.

வெளியேறியோர் நிலை யாதாயிற்று? வேலையின்மையைப் போக்கத் துணிவான திட்டம் தந்து, அது ஏற்கப்படாமையால் 1930-இல் மந்திரி பதவியைத் துறந்தவர் ஆஸ்வால்டு மோஸ்லி. அவர் தொடங்கிய புதுக்கட்சி 1931-இல் ஓர் இடமும் பெறவில்லை; மறு ஆண்டே அவர் பாசிசத்தில் போய் விழுந்தார். கோபம் மட்டுமே வழிகாட்டினால் எங்கே கொண்டு விடும் என்பதற்கு அவரே சான்று.

சுயேச்சைத் தொழிற்கட்சியின் கதை வேறு. தாய்க்கட்சிக்கும் மூத்த அமைப்பு அது. 1893-இல் பிராட்போர்டு நகரில் தோன்றியது. மாக்டனால்டின் தயக்கத்தை அதன் தலைவர் ஜேம்ஸ் மாக்ஸ்டன் முன்னதாகவே கண்டித்து வந்தார், அக்கண்டனம் நியாயமானதே. ஆனால் அவ்வமைப்பு 1932-இல் அதே பிராட்போர்டில் கூடி, தொழிற்கட்சியுடன் கொண்ட தொடர்பை அறுத்துக்கொண்டது. அப்போது 17 ஆயிரத்தை ஒட்டியிருந்த உறுப்பினர் தொகை மூன்றாண்டுகளில் நாலாயிரத்துச் சொச்சமாயிற்று. தூய்மை எஞ்சியது, ஆற்றல் போயிற்று.

உள்ளே தங்கியோர் சும்மா இருந்தாரில்லை. உள்ளூர்த் தேர்தல்களில் உழைத்து 1934-இல் லண்டன் நகராட்சி மன்றத்தைக் கைப்பற்றினர். அதே ஆண்டில், அடுத்த ஆட்சியில் செய்ய வேண்டியவற்றை விரிவான செயல்திட்டமாய் வகுத்தனர். ஆட்சி அமைக்குமுன் தலைவர் கட்சியைக் கலக்கவேண்டும் என்று மாநாட்டில் விதியும் செய்தனர். சீகம் தொகுதியார் 1935-இல் எம்மானுவேல் ஷின்வெல்லை நிறுத்தி, முன்னர்ப் பிரதமராய் இருந்த மாக்டனால்டை 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட வாக்குகளால் தோற்கடித்தனர். அத்தேர்தலில் கட்சி 154 இடங்களைப் பெற்றது.

விதிகளால் மட்டும் எல்லாம் நடந்துவிடவில்லை. 1945-இல் 393 இடங்களுடன் வென்ற கிளமெண்ட் அட்லி, கட்சியைக் கலக்கக் காத்திராமலே பிரதமர் பதவியை ஏற்றார். எனினும் செயல்திட்டத்தை அவர் மீறவில்லை. 1947-இல் நிலக்கரிச் சுரங்கங்கள் பொதுவுடைமையாயின. அத்துறையின் மந்திரி அதே ஷின்வெல்தான். 1948 ஜூலை 5-ஆம் நாள் தேசிய மருத்துவ சேவை தொடங்கிற்று.

உள்ளே தங்குவதற்கும் விலை உண்டு. இவ்வெற்றி பதினான்கு ஆண்டுகள் கழித்தே வந்தது. இரண்டாம் உலகப் போர் மக்களின் மனத்தை மாற்றியதும் அதற்கொரு காரணம். குடும்ப வருமானச் சோதனை 1941 வரை ஏழையை வாட்டிற்று. பொறுத்திரு என்று சொல்வோர், அப்பொறுமையின் சுமையை யார் தலையில் ஏற்றுகிறோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். மேலும், தலைவரைக் கேள்வி கேட்கவும் மாற்றவும் வழியுள்ள கட்சியிலேதான் தங்கிப் போராடுதல் பயன் தரும். 1931-இல் தொழிற்கட்சிக்குத் தன் பிரதமரையே விலக்கும் துணிவு இருந்தது. அவ்வழி முற்றும் அடைபட்ட கட்சியில் தங்குவது வெறும் துதிபாடலாய் முடியும்.

ஆகவே ஏமாற்றமுற்ற வாக்காளர் முதலில் கேட்கவேண்டிய வினா, “தலைவர் நல்லவரா?” என்பதன்று, “அவரைத் திருத்தும் கருவி நம் கையில் இருக்கிறதா?” என்பதே. இருக்குமாயின், வேட்பாளர் தேர்விலும் உள்ளூர் மன்றத்திலும் கட்சி மாநாட்டிலும் அதனைப் பயன்படுத்தல் வேண்டும். தேர்தல் நாளன்று மட்டும் விழித்தல் போதாது. அரசனுக்கு இடித்துரைக்கும் பெரியோர் துணை வேண்டும் என்று வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். மக்களாட்சியில் அப்பெரியோர் வாக்காளரே. அவர் சலித்து வீட்டிலிருந்தால், தலைவருக்கு இடித்துரைப்பார் வேறு யாருளர்?