சுண்டெலிக்குள் எட்டிப் பார்க்கும் எந்திரம்!

ஒரு சுண்டெலியின் எடை சுமார் 25 கிராம். அதன் மூளை மொச்சைக் கொட்டை அளவுதான் இருக்கும். அந்தச் சின்ன உடம்புக்குள் மருந்து எங்கே போய்ச் சேருகிறது என்று, எலியைக் கொல்லாமலே படம் பிடித்து விடுகிறார்கள் விஞ்ஞானிகள்.

அதற்கு உதவுவது "பெட் ஸ்கேன்" எந்திரம். பெரிய ஆஸ்பத்திரிகளில் புற்று நோயைக் கண்டுபிடிக்க உதவும் எந்திரத்தின் "குட்டி" இது! லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில், சைமன் செர்ரி என்ற விஞ்ஞானியும் அவருடைய தோழர்களும் 1990-களில் "மைக்ரோபெட்" என்ற எந்திரத்தைச் செய்தார்கள். சுமார் 2 மில்லி மீட்டர் நுட்பத்துக்கு அது படம் பிடித்தது.

எப்படி?

கதிர் வீசும் அணுவை மருந்தோடு சேர்த்து, எலிக்கு ஊசி போடுவார்கள். அந்த அணுவில் இருந்து "பாசிட்ரான்" என்ற துகள் பாயும். அது ஓர் எலக்ட்ரானைச் சந்தித்ததும் இரண்டும் மறைந்து போகும். அந்த இடத்தில் இருந்து இரண்டு காமா கதிர்கள் எதிரும் புதிருமாகப் பறக்கும்.

எலியைச் சுற்றி வளையம் போல் உள்ள படிகங்கள் அந்த இரண்டையும் ஒரே சமயத்தில் பிடிக்கும். உடனே எந்திரம் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு போடும். லட்சக்கணக்கான கோடுகள் சேர்ந்தால் படம் தயார்!

அணையும் விளக்கு

வழக்கமாகப் பயன்படுவது புளோரின்-18 என்ற அணு. படம் தெளிவாக விழும். ஆனால் 110 நிமிடத்தில் பாதி தீர்ந்துவிடும். புற்று நோய்க்கான சில மருந்துகள் கட்டியில் போய்த் தங்க இரண்டு, மூன்று நாள் ஆகும். மருந்து போய்ச் சேருமுன் விளக்கு அணைந்து விடுகிறது!

எனவே, பாதி தீர 4 நாளுக்கு மேல் பிடிக்கும் அயோடின்-124 என்ற அணுவைத் தேடினார்கள். அங்கேதான் வந்தது வம்பு.

அயோடின் பாசிட்ரான் வேகக்காரன். சில மில்லி மீட்டர் ஓடிய பிறகுதான் மறையும். மனித உடம்பில் இது பெரிதல்ல. மொச்சைக் கொட்டை மூளையிலோ, குற்றம் ஒரு வீட்டில். பழி பக்கத்து வீட்டில்!

இன்னொரு தொல்லையும் உண்டு. எந்திரம் எதிர்பார்க்கும் கதிரின் சக்தி 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அயோடின் 603 அளவில் வேறொரு கதிரையும் வீசுகிறது. எந்திரம் ஏமாந்து பொய்க் கோடு போட்டுவிடும்.

பிளாஸ்டிக் எலி

இதைச் சோதிக்க எலி வேண்டாம். 5 சென்டி மீட்டர் நீளமுள்ள பிளாஸ்டிக் உருளை போதும். 2008-ல் அமெரிக்காவில் இதற்கு விதியே வகுத்தார்கள். உருளையின் ஒரு பகுதியில் 1 மில்லி மீட்டர் முதல் 5 மில்லி மீட்டர் வரை அகலமுள்ள ஐந்து துளைகள். அவற்றில் கதிர் வீசும் திரவம் நிரப்புவார்கள். இன்னொரு பகுதியில் இரண்டு சிறு அறைகள். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றொன்றில் வெறும் காற்று. படத்தில் இந்த இரண்டும் இருட்டாகத் தெரிய வேண்டும். அயோடினை நிரப்பினால், வெற்று அறையிலும் வெளிச்சம் தெரியும்! மெல்லிய துளையோ மங்கிப் போகும்.

சின்னக் கட்டிக்கும் இதே கதிதான். மருந்து அங்கே நிறைய இருந்தும், குறைவாகத் தெரியும். நல்ல மருந்தைப் பயனற்றது என்று ஒதுக்கிவிட நேரலாம். அதனால் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பொய்க் கோடுகளைக் கழிக்கிறார்கள். 1 மில்லி மீட்டர் துளை மட்டும் இன்னும் படாத பாடு படுத்துகிறது.

படம் எடுத்ததும் எலி மயக்கம் தெளிந்து கூண்டுக்குத் திரும்பும். மறுநாள் அதே எலிக்கு மறுபடியும் படம். அதற்கு அடுத்த நாளும் படம்!