மணம் வேறு, தூய்மை வேறு

தாயகத்தில் வாழ்ந்த நாளில் நம் இல்லங்களில் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலமிடுவதும், வெள்ளிக்கிழமைதோறும் தரையை மெழுகுவதும் வழக்கமாக இருந்தன. பிழைப்பின் பொருட்டு மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் டில்லிக்கும் வந்து குடியேறிய பின்னர் வாசல் மறைந்து மாடிப்படி வந்தது. மண் தரை மறைந்து மொசைக்கும் ஓடும் வந்தன. சாணக் கரைசல் இருந்த இடத்தில் பினாயில் புட்டி வந்து அமர்ந்தது. தூய்மையில் நமக்குள்ள ஆர்வம் மட்டும் மாறவில்லை. அந்த ஆர்வத்துக்கேற்ற அறிவு நம்மிடம் உள்ளதா என்பதே இப்போது நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

சென்ற திங்கள் நம் சங்கத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் நேர்ந்த நிகழ்ச்சியே இக்கட்டுரைக்குக் காரணம். பண்டிகைக்காக வீட்டைத் துப்புரவு செய்த நாளன்று, குளியலறைத் தரையில் படிந்திருந்த உப்புக் கறையைப் போக்க முதலில் ஆசிட் ஊற்றினார்கள். கறை முழுதும் போகவில்லை என்று, வேலைக்கு வரும் பெண்மணி அதன் மேலேயே ப்ளீச்சிங் திரவத்தையும் ஊற்றினார். சிறிது நேரத்தில் தொண்டையைப் பிடித்துக்கொண்டு, இருமியவாறே வெளியே ஓடிவந்து விழுந்தார். ஜன்னல் இல்லாத சிறிய அறை அது. மருத்துவமனையில் இரண்டு நாள் பிராணவாயு வைக்க நேர்ந்தது, தெய்வாதீனமாகப் பிழைத்துக்கொண்டார். அவரும் வீட்டாரும் செய்ததை அலட்சியம் என்று சொல்ல முடியாது. இரண்டு நல்ல பொருள்களைச் சேர்த்தால் இரு மடங்கு நன்மை விளையும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை நம்மில் எத்தனை பேருக்கு இல்லை?

நாற்றத்தில் தொடங்கிய கதை

"மணம் வந்தால்தான் துடைத்த மாதிரி இருக்கிறது" என்று நம் தாய்மார்கள் சொல்வதுண்டு. இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. கிருமி என்ற ஒன்றையே மருத்துவர்கள் அறியாத காலத்தில், நோய் நாற்றத்தின் வழியே பரவுகிறது என்றே உலகம் கருதி வந்தது.

1847-ஆம் ஆண்டில் வியன்னா நகரப் பிரசவ மருத்துவமனையில் இக்னாஸ் ஸெம்மல்வைஸ் என்னும் மருத்துவர் பணியாற்றி வந்தார். பிணங்களை அறுத்துப் பயின்ற கையுடனேயே மருத்துவர்கள் பிரசவம் பார்க்க வந்தனர். தாய்மார்கள் ஜன்னி கண்டு மாண்டனர். கையில் தங்கும் பிண நாற்றத்தைப் போக்கவல்லது என்பதாலேயே அவர் குளோரின் சேர்ந்த சுண்ணாம்புக் கரைசலைத் தேர்ந்து, அதில் கை கழுவிய பின்னரே நோயாளியைத் தொட வேண்டும் என்று விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் அந்தப் பிரிவில் நூற்றுக்கு 18 தாய்மார்கள் இறந்தனர். ஜூனில் அது நூற்றுக்கு 2 ஆகக் குறைந்தது. அந்தக் கரைசலுக்கு மூலமான பொருளைத்தான் இன்று நாம் ப்ளீச்சிங் பவுடர் என்று வாங்குகிறோம்.

பினாயிலின் கதையும் இத்தகையதே. இங்கிலாந்தின் கார்லைல் நகரில் சாக்கடை நாற்றத்தைப் போக்கக் கார்பாலிக் அமிலத்தைப் பயன்படுத்தினர். அதைக் கேள்வியுற்ற ஜோசப் லிஸ்டர், 1865-இல் கிளாஸ்கோ மருத்துவமனையில் எலும்பு முறிந்த ஒரு சிறுவனின் புண்ணுக்கு அதையே இட்டு வெற்றி கண்டார். அந்த அமிலத்தின் இனத்தைச் சேர்ந்தவையே கரிய பினாயிலில் உள்ள சரக்குகள். நம் நாட்டில் ஆசாரிய பிரபுல்ல சந்திர ராய் தொடங்கி, 1901-இல் கம்பெனியாகப் பதிவுபெற்ற பெங்கால் கெமிக்கல்ஸ் நிறுவனத்தின் பினாயிலைக் கொல்கத்தாவில் வாழும் நம்மவர் நன்கு அறிவர்.

அவர்கள் நாற்றத்தைத் துரத்திச் சென்று மருந்தைக் கண்டடைந்தனர். நாமோ மணத்தை விரும்பி மருந்தை மறந்துவிடுகிறோம். மணம் என்பது தனியே சேர்க்கப்படும் பொருள். கிருமியைக் கொல்வது வேறு பொருள். எலுமிச்சை மணமோ மல்லிகை மணமோ வீசுவதாலேயே ஒரு திரவம் கிருமியைக் கொல்லும் என்று கொள்வதற்கில்லை.

எது எதற்கு உதவும்?

கடையில் பல நிறங்களில் அடுக்கி வைத்திருப்பவற்றை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது, ப்ளீச்சிங் பவுடரும் ப்ளீச்சிங் திரவமும். விலை மலிவு, வலிமை மிகுதி. காலரா, டைபாய்டு கிருமிகளையும், வாந்திபேதி உண்டாக்கும் வைரஸ்களையும் கொல்லவல்லது. வீட்டில் ஒருவர் வாந்தியும் பேதியுமாகக் கிடக்கும்போது இதற்கு நிகர் வேறில்லை. ஆயின் இதன் குறைகளும் பல. அழுக்கைக் கண்டால் இதன் வலிமை அதிலேயே செலவாகிவிடும். வெயிலிலும் ஈரத்திலும் வீரியம் குறையும். எவர்சில்வரையும் பித்தளையையும் அரிக்கும். சாயத் துணியை வெளுக்கச் செய்யும். ஆஸ்துமா உள்ளவர்க்கு மூச்சுத் திணறலை உண்டாக்கும்.

இரண்டாவது, பினாயில். கரிய பினாயில் நிலக்கரித் தாரிலிருந்து பெறும் அமிலங்களால் ஆனது. நீரில் ஊற்றினால் பால் போலாகும். அழுக்கு சிறிது இருந்தாலும் வலிமை அவ்வளவாகக் குன்றாது. ஆதலின் சாக்கடை வாய்க்கும் கழிப்பறைக்கும் ஏற்றது. வெள்ளைப் பினாயில் என்ற பெயரில் விற்பவை யாவும் ஒரே தரத்தன அல்ல. பைன் எண்ணெயை நீரில் கலக்கிச் செய்த மலிவுச் சரக்கும் அப்பெயரிலேயே வருகிறது. தரமான புட்டியின் மேல் ஆர்.டபிள்யூ.சி. என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் காணப்படும். ரிடீல், வாக்கர் என்னும் இருவர் 1903-இல் வகுத்த சோதனையின் அளவு அது. எண் 5 என்றால், டைபாய்டு கிருமியைக் கொல்வதில் கார்பாலிக் அமிலத்தைவிட 5 மடங்கு வலிமை என்று பொருள். வாசலில் சைக்கிளில் வைத்து அளந்து விற்கும் பினாயிலில் அந்த எண்ணும் இல்லை; அதைச் சோதித்தவரும் இல்லை. பினாயில் தோலைப் புண்ணாக்கும், விழுங்கினால் நஞ்சு. பூனை வளர்ப்போர் இதை அறவே தவிர்ப்பது நலம். இவ்வகை நஞ்சை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் உடலுக்கு மிகக் குறைவு.

மூன்றாவது, வண்ணமும் மணமும் ஊட்டிய தரைத் திரவங்கள். இவற்றுள் பலவற்றின் கிருமிநாசினி பென்ஸால்கோனியம் குளோரைடு என்னும் பொருள். பினாயில் போல் எரிச்சலூட்டாது. அன்றாடத் தரைத் துடைப்புக்கு ஏற்றது. எனினும் வாந்திபேதி வைரஸ்களில் சிலவற்றிடம் இது தோற்றுப்போகும். சோப்புத் தூளோடு சேர்த்தால் ஒன்றையொன்று முறித்துவிடும். வாளியில் இரண்டையும் கலந்து துடைப்போர் பணத்தையும் உழைப்பையும் வீணாக்குகின்றனர். நாள்தோறும் இதையே தெளித்துத் துடைப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு ஆஸ்துமா வருவதும் உண்டு.

நான்காவது, ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும். கதவுப் பிடி, தொலைபேசி, கணிப்பொறி போன்ற சிறிய பரப்புகளுக்கு ஸ்பிரிட் நல்லது. நூற்றுக்கு 70 பங்கு உள்ளதே முழு ஸ்பிரிட்டைவிடச் சிறந்தது. கிருமியின் புரதத்தைச் சிதைக்க நீரும் தேவை. ஆனால் தீப்பற்றும் பொருள் இது. அடுப்பருகிலும் பூஜை விளக்கருகிலும் தெளிக்கலாகாது. பெராக்சைடு தன் வேலை முடிந்ததும் நீராகவும் பிராணவாயுவாகவும் பிரிந்துவிடும், நெடி இல்லாதது, விலைதான் சற்று அதிகம்.

வினிகர், எலுமிச்சைச் சாறு, வேப்பிலை நீர், மஞ்சள் நீர் ஆகியவற்றையும் சொல்வதுண்டு. உப்புக் கறைக்கு வினிகர் உதவும். மங்கலத்துக்கு மஞ்சள் நீர் உதவும். நோய் கண்ட வீட்டில் இவற்றை நம்பி இருத்தல் கூடாது. சாணத்தில் ஜன்னிக் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதையும் மறைப்பதற்கில்லை.

கழுவுதல் முதலில், காத்திருத்தல் பின்னர்

எந்த மருந்தாயினும் இரண்டு விதிகள் பொது. முதலில் சோப்பு நீரால் அழுக்கைக் கழுவி, நல்ல நீரால் அலச வேண்டும். கிருமிகளில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். பின்னர் மருந்தை இட்டு, புட்டியில் கண்ட நேரம் வரை ஈரமாகவே விட்டுவைக்க வேண்டும். பலவற்றுக்கு அது 10 நிமிடம். இட்ட மறு நொடியே உலர்ந்த துணியால் துடைத்தெடுத்தால் கிருமி பிழைத்துக்கொள்ளும்.

அளவைப் பொறுத்தவரை, நூற்றுக்கு 5 பங்கு வீரியமுள்ள ப்ளீச்சிங் திரவத்தில் 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர் சேர்த்தால் பொதுவான பயனுக்குப் போதும். லிட்டருக்கு ஏறத்தாழ நான்கு தேக்கரண்டி. வாந்தி, மலம், இரத்தம் சிந்திய இடத்துக்கு 1 பங்குக்கு 9 பங்கு தண்ணீர். நூற்றுக்கு 33 பங்கு குளோரின் உள்ள புதிய ப்ளீச்சிங் பவுடரானால் லிட்டருக்கு 3 கிராம். கடுமையான அளவுக்கு 15 கிராம். குளிர்ந்த நீரில் கரைத்து அன்றன்றே பயன்படுத்துக. வெந்நீர் வேண்டா. ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை அணிந்து செய்க.

நோயாளி இல்லாத வீட்டில் நாள்தோறும் மருந்து தேவையா எனின், தேவையில்லை. சோப்பு நீரே தரைக்குப் போதும். கழிப்பறை, பச்சை மாமிசமும் மீனும் நறுக்கிய இடம், நோயாளியின் அறை ஆகியவற்றுக்கு மருந்தை ஒதுக்கி வைத்தால் செலவும் குறையும், நெஞ்சும் நலமாயிருக்கும்.

கலவாதீர்

ஆசிட்டோடு ப்ளீச்சிங் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில் 1915-இல் ஈப்ரு நகரருகே போர்வீரர்களின் மேல் ஏவிய வாயு இதுவே. கழிப்பறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பதும் ஹைட்ரோகுளோரிக் அமிலந்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அம்மோனியா உள்ள கண்ணாடித் திரவத்தோடு ப்ளீச்சிங் சேர்ந்தாலும் நச்சு வாயு எழும். வினிகரும் அமிலமே.

புட்டியின் எழுத்துகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கின்றன. அவற்றைப் படிக்க இயலாத பாட்டிமாரும் வேலைக்கு வருவோரும் நம் வீடுகளில் உண்டு. ஆதலின் வீட்டுப் பிள்ளைகள் தமிழில் ஒரு சீட்டு எழுதி ஒவ்வொரு புட்டியிலும் ஒட்டிவைக்கட்டும். வேலைக்கு வருபவரிடம் "தோனோ கோ கபீ மத் மிலானா" என்ற ஒரு வாக்கியத்தையாவது நம் தாய்மார்கள் கற்றுக்கொண்டு சொல்லட்டும். நம் வீட்டின் தூய்மைக்காகப் பிறர் மூச்சு திணறுவது அறமாகாது.

மேலே தெளிப்பது மருந்தாகாது

2020 மார்ச்சில் ஊரடங்கு அறிவித்தபோது, பிழைக்க வந்த ஊரிலிருந்து சொந்த மண்ணுக்குத் திரும்பிய தொழிலாளர்களைப் பரேலி நகரில் சாலையோரம் அமரவைத்து, பெண்டு பிள்ளைகள் என்றும் பாராமல் அவர்கள் மேல் கிருமிநாசினியைத் தெளித்த காட்சியை நாடு கண்டது. பேருந்துகளுக்கு உரிய மருந்து மனிதர் மேல் பட்டது. கண் எரிச்சலால் குழந்தைகள் அழுதனர். மனிதர் மேல் தெளிப்பது உடலுக்கும் உள்ளத்துக்கும் தீங்கு என்றும், அதனால் பயனில்லை என்றும் அடுத்த மாதமே மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்தியது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நம்மால் அக்காட்சியை எளிதில் மறக்க இயலாது. தரைக்குரியது தரைக்கே. காய்கறிக்கும் குழந்தையின் கைக்கும் அது உரியதன்று.

குழந்தையும் புட்டியும்

ஓர் அறையிலும் இரண்டு அறையிலும் குடித்தனம் நடத்துவோர் நம்மில் மிகுதி. மேல் அலமாரி இராது; புட்டிகள் யாவும் சமையல் மேடையின் கீழ் நிற்கும். அவற்றோடு குளிர்பானப் புட்டியில் ஊற்றிய பினாயிலும் நிற்கும். பால் போன்ற அந்தத் திரவத்தைக் குழந்தை என்னவென்று எண்ணும்? வந்த புட்டியிலேயே வைத்திருங்கள். வேறு புட்டிக்கு மாற்றாதீர்கள். ஆணி அடித்து ஒரு பையை உயரத் தொங்கவிட்டேனும் கைக்கு எட்டாமல் செய்யுங்கள்.

தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உப்பு நீர் புகட்டாதீர்கள். வாயைக் கழுவி, புட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் நீரில் 15 நிமிடமேனும் கழுவுங்கள். வாயு எழுந்தால் யாவரும் வெளிக்காற்றுக்கு வந்துவிடுங்கள். அவசர உதவிக்கு நாடெங்கும் 112 என்ற எண் உள்ளது.

அந்தப் பெண்மணி உடல் தேறி மீண்டும் வேலைக்கு வருகிறார். அவ்வீட்டில் இப்போது ஆசிட் புட்டி இல்லை. ஒரு வாளி, ஒரு சோப்பு, தமிழிலும் இந்தியிலும் சீட்டு ஒட்டிய ஒரு ப்ளீச்சிங் புட்டி, அவ்வளவே. முன்போல் மணம் வீசவில்லை என்று அவ்வீட்டுப் பாட்டியார் குறைப்பட்டுக்கொண்டார். நறுமணம் வேண்டுமாயின் மாலையில் ஓர் ஊதுவத்தி ஏற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி வந்தோம்.