ஞாயிறு வழிபாடும் கிறித்துவராதலும்: போர்ட் கிள்ளான் தொழிலாளர் நிலையை முன்வைத்து ஒரு நோக்கு

முன்னுரை

ஞாயிறுதோறும் ஆலயம் செல்லாதவரைக் கிறித்துவர் எனக் கொள்ளலாமா என்னும் வினா மலேசியத் தமிழ்க் கிறித்துவரிடையே புதியதன்று. 2010-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசிய இந்தியருள் ஏறத்தாழ 6 விழுக்காட்டினர் கிறித்துவர். துறைமுகத் தொழிலாளர் வாழும் போர்ட் கிள்ளானில் இவ்வினா தனிக் கூர்மை பெறுகிறது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பெற்று, 1972-இல் இன்றைய பெயரை ஏற்ற இத்துறைமுகம் வாரத்தின் ஏழு நாள்களும் இரவு பகலாக இயங்குவது. கப்பல்கள் கிழமை பார்த்துக் கரை சேர்வதில்லை. 'ஷிப்டு' எனப்படும் சுழல்முறை வேலையில் இருப்பவர் மாதத்தில் ஓரிரு ஞாயிறுகளையே தமக்கெனப் பெற இயலும். அத்தகையோர் நிலையிலிருந்து இவ்வினாவை அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கோயிலும் சபையும்

தமிழ்க் கிறித்துவர் வழக்கில் இருவகைச் சொற்கள் உள. கத்தோலிக்கர் 'கோயில்' என்பர். சீர்திருத்தச் சபையினர் 'ஆலயம்' என்பர். இரண்டும் இடத்தைச் சுட்டுவன. கோ, இல் என்னும் இரு சொற்களின் சேர்க்கையான 'கோயில்' தலைவன் உறையும் இல்லத்தைக் குறிக்கும். 'சபை', 'திருச்சபை' என்பனவோ கூட்டத்தைச் சுட்டுவன; புதிய ஏற்பாட்டில் வரும் 'எக்ளேசியா' என்னும் கிரேக்கச் சொல்லுக்கும் கூட்டம் என்பதே பொருள்.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. கோயிலுக்குச் செல்பவர் தனியே சென்று வணங்கி மீளலாம். நேர்த்திக்கடன் உள்ளபோது மட்டும் செல்லலாம். தமிழர் சமய வாழ்வில் இது தொன்றுதொட்டு வரும் முறை. ஞாயிறு வழிபாட்டில் அரிதாகவே காணப்படும் குடும்பங்கள், சூலைத் திங்களில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவிற்குத் தவறாமல் செல்வதன் காரணமும் இதுவே எனலாம். இதனைப் போலிப் பக்தி என ஒதுக்குவது முறையன்று. ஆயினும், ஒருவர் வராமையைப் பிறர் உணர்வதற்குக் கோயிலில் இடமில்லை, சபையில் உண்டு.

ஞாயிறு ஓய்வுநாள் ஆனமை

ஞாயிறு தொடக்கம் முதலே விடுமுறை நாளாக இருந்தது என்பது பலரும் கொண்டுள்ள எண்ணம். உண்மை வேறு. ஏறத்தாழக் கி.பி. 112-இல் பித்தினியா ஆளுநர் பிளினி, பேரரசர் திராயானுக்கு எழுதிய கடிதத்தில், கிறித்துவர் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடிப் பாடிக் கலைந்து, பின்னர் உணவுக்காக மீண்டும் கூடுவர் எனக் குறிப்பிடுகிறார். அடிமைகளும் உழைப்பாளரும் நிறைந்த அக்கூட்டம் அன்றைய வேலை தொடங்குமுன் கூடியது எனக் கருதுவது பொருந்தும். கான்ஸ்டன்டைன் 321-இல்தான் ஞாயிற்றை ஓய்வுநாளாக ஆணையிட்டார். அவ்வாணையிலும் உழவருக்கு விலக்கு இருந்தது. பயிர்த்தொழில் அன்று பெற்ற விலக்கையே இன்று துறைமுகம் பெற்றுள்ளது போலும்.

சட்டமும் திருச்சபை ஒழுங்கும்

மலேசியாவின் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு, வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வை உறுதி செய்கிறது. ஆனால் அந்நாளை முடிவு செய்பவர் முதலாளியே. சுழல்முறை வேலையில் தொடர்ந்து 30 மணி நேர ஓய்வு போதுமானது. கெடா, கிளந்தான், திரங்கானு மாநிலங்களில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாதலின் அங்கு ஞாயிறு அனைவர்க்கும் வேலைநாளே.

திருச்சபை ஒழுங்குகள் இதனை அறியாதவை அல்ல. 1983-ஆம் ஆண்டுக் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத்தின் 1247-ஆம் விதி ஞாயிறு திருப்பலியைக் கடமையாக்குகிறது. 1248-ஆம் விதி முந்திய நாள் மாலைத் திருப்பலியையும் ஏற்கிறது. 1245-ஆம் விதியின்படி தக்க காரணம் இருப்பின் பங்குக் குரு விலக்களிக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் சீயோன் ஆலயத்தைச் சேர்ந்த தமிழ் லூத்தரன் மரபினர்க்கு மார்ட்டின் லூத்தரின் கருத்து அறிமுகமானதே. 1529-இல் வெளியான தம் பெரிய ஞானோபதேசத்தில், எந்த நாளும் பிறிதொரு நாளினும் உயர்ந்ததன்று என்றும், உழைக்கும் மக்கள் இளைப்பாறவும் கூடவும் ஒரு நாள் தேவை என்றும் அவர் விளக்குகிறார்.

சபைக்கு வெளியே நிற்போர்

வேலையால் வர இயலாதோர் ஒருபுறம். சபையில் சேராமலே கிறித்துவை வழிபடுவோர் மறுபுறம். சென்னை ஓ. கந்தசாமி செட்டியார் திருமுழுக்குப் பெறாமலே கிறித்துவின் அடியவராக வாழ்ந்தார். சென்னைக் குருக்குல் லூத்தரன் இறையியல் கல்லூரியில் பணியாற்றிய எர்பர்ட் ஓப்பர் 1991-இல் வெளியிட்ட 'சபையற்ற கிறித்துவம்' எனப் பொருள்படும் நூல் இத்தகையோரை ஆராய்கிறது. குடும்ப உறவு முறியும் என்னும் அச்சம் இவர்களுள் பலரைச் சபைக்கு வெளியே நிறுத்தியது. இவர்களின் நம்பிக்கையை மறுத்தல் கடினம். இவர்கள் தனிமையில் இழந்ததை மறுத்தலும் கடினமே.

2020 மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணையால் மலேசிய ஆலயங்கள் மூடப்பட்டபோது, நாள்தோறும் ஆலயம் சென்றவரும் இந்நிலையைச் சிறிது அறிந்தனர்.

வராதவரை என் செய்வது என்பதில் பழைய திருச்சபையில் இருவகை மரபுகள் காணப்படுகின்றன. நான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசுபெயினில் கூடிய எல்விரா சங்கம், நகரில் இருந்துகொண்டே மூன்று ஞாயிறுகள் வராதவரைச் சிறிது காலம் விலக்கி வைக்குமாறு விதித்தது. அதற்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் முன்னர் உரோமையில் எழுதிய யுஸ்தீன், ஞாயிறு கூட்டத்திற்கு வர இயலாதோர்க்கு நற்கருணையின் பங்கைத் திருத்தொண்டர்கள் கொண்டு சென்று அளித்ததைப் பதிவு செய்துள்ளார்.