எழுபது வளைவுகளுக்கு முந்தைய பாதை

தொலைதூர மலைப்பகுதிகளில் பல நாள் நடந்து, அங்கு வாழும் மக்களின் ஊர்களில் தங்கி, அவர்களுடைய உணவையும் வழிபாட்டையும் வேளாண்மையையும் அறிந்து திரும்பும் பயணம் இன்று உலகெங்கும் பெருகி வருகிறது. இத்தகைய பயணம் மலைக்குக் கேடு செய்யாமல் நெடுங்காலம் நிலைக்க வேண்டுமானால், நடப்பவர் மலையில் எதை விட்டுச் செல்கிறார் என்பதையும், அவர் செலவிடும் பணம் யார் கையில் சேர்கிறது என்பதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். பள்ளிபாளையத்தின் விசைத்தறிக் கூடங்களில் உழைப்போருக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க இமயமலை வரை செல்லத் தேவையில்லை. திருச்செங்கோடு, நாமக்கல் வழியாகச் சில மணி நேரத்தில் அடையக்கூடிய கொல்லிமலையே அதற்குப் போதிய சான்றாகும்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கொல்லிமலை ஏறக்குறைய 280 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. அதன் மேற்பரப்பு பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்துள்ளது. காரவள்ளியிலிருந்து சோளக்காட்டுக்கு ஏறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளே இன்று இம்மலைக்கு அடையாளமாகிவிட்டன. வார இறுதியில் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் ஏறுவோர் வளைவுகளை எண்ணிக்கொண்டே மேலே சென்று, ஆகாய கங்கை அருவியில் குளித்து, அறப்பளீஸ்வரரை வணங்கி, மாலைக்குள் இறங்கிவிடுகின்றனர். அவர்கள் மலையைக் கண்டார்கள் என்று சொல்லலாமே தவிர, அறிந்தார்கள் என்று சொல்வதற்கில்லை.

சாலை வருவதற்கு முன் மலைக்கு ஏறியவை காலடிப் பாதைகளே. அவற்றுள் பலரும் அறிந்தது, கிழக்கு அடிவாரத்தில் திருச்சி மாவட்ட எல்லைக்குள் இருக்கும் புளியஞ்சோலையிலிருந்து அறப்பளீஸ்வரர் கோயிலுக்குச் செல்லும் வழியாகும். கோயிலுக்கு அருகே ஓடும் ஐயாறு, ஆகாய கங்கையாக விழுந்து, காட்டுப் பள்ளத்தாக்கின் வழியே இறங்கிப் புளியஞ்சோலையை அடைகிறது. ஆகவே கீழிருந்து ஏறுபவர் ஆற்றை எதிர்கொண்டே மேலே செல்கிறார். அடிவாரத்தின் வறண்ட இலையுதிர் காடு உயரம் கூடக்கூடப் பசுமையாக மாறுவதையும், காற்று குளிர்வதையும், காடு முடிந்து மிளகுக்கொடி படர்ந்த மரங்களும் பலாவும் வாழையும் தொடங்கும் இடத்தையும் நடப்பவரால் மட்டுமே படிப்படியாக உணர முடியும். ஆடி மாதத்தில் இவ்வழியே ஏறும் அடியார்கள் இதனைச் சுற்றுலா என்று கருதுவதில்லை. ஆயினும் நெடுநடைப் பயணத்திற்கு இன்று வகுக்கப்படும் விதிகள் பலவும், சுமை குறைவாக எடுத்துச் செல்லுதல், வழியறிந்தவரோடு செல்லுதல், ஆற்றைத் தூய்மையாக வைத்தல் உட்பட, அவர்களுடைய நடையில் முன்பே அடங்கியிருக்கின்றன. ஐயாற்று மீன்களை இறைவனுக்குரியவையாகக் கருதும் தலபுராணச் செய்தியும் ஆற்றுக்கு ஒரு காவலாகவே அமைந்தது.

மலையில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர் எனப்படுகின்றனர். இவர்கள் கேரளத்தாரோடு தொடர்பற்ற, தமிழ் பேசும் மக்கள். காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவர் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் தனித்தனியே குடியேறினர் என்பது இவர்களிடையே வழங்கும் மரபுக்கதை. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தேவானூர் நாடு முதலிய 14 நாடுகளாகக் கொல்லிமலை பகுக்கப்பட்டுள்ளது. நாடு என்பது இங்கே பல சிற்றூர்களைக் கொண்ட பிரிவைக் குறிக்கும். சங்கப் பாடல்கள் போற்றும் வல்வில் ஓரி ஆண்ட மலை இதுவே. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆடி மாதம் 17, 18 ஆம் நாள்களில் அரசு விழாவும் நடைபெறுகிறது. ஆனால் ஓரியின் சிலையைக் கண்டு திரும்புவோரில் நாடுகளின் பெயரைக் கேட்டறிவோர் மிகச் சிலரே.

பண்பாட்டுப் பயணம் என்னும் சொல்லுக்குக் கொல்லிமலையில் பொருள் தருவது கோயிலைக் காட்டிலும் வயலே என்று துணிந்து கூறலாம். கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, வெள்ளப்பெருஞ்சாமை என ஒரு சாமையிலேயே பல வகைகளையும், அவற்றோடு தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியவற்றின் வகைகளையும் இம்மக்கள் தலைமுறை தலைமுறையாக விதை எடுத்துக் காத்து வந்தனர். மழையை மட்டுமே நம்பிய சரிவு நிலத்துக்கு இவை ஏற்ற பயிர்கள். எனினும் சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளிகளில் ஜவ்வரிசி ஆலைகள் பெருகியதும் அவற்றுக்கு மூலப்பொருளான மரவள்ளிக் கிழங்கு மலைமீதும் ஏறியது. கிழங்கை விற்றால் கையில் ரொக்கம் கிடைத்தது. சாமையோ விலை போகவில்லை. சாமையை உரலில் குத்திப் புடைத்து அரிசியாக்கும் கடும் வேலை முழுவதும் பெண்கள் தலையில் விழுந்ததால், அவர்களே அதைக் கைவிட விரும்பியதிலும் வியப்பில்லை. கேட்பாரற்றுப் போனதாலும் உழைப்பு மிகுந்ததாலும் பயிர் அழியும் என்பதைக் கொல்லிமலை தெளிவாகக் காட்டியது.

எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்குத் தொடங்கிய பணி இந்த இடத்தில்தான் கை வைத்தது. விதைகளைச் சேகரித்து ஊர்தோறும் விதைச் சேமிப்பை அமைத்ததோடு, உமி நீக்கும் எந்திரங்களைச் சிற்றூர்களுக்குக் கொண்டுவந்து மகளிர் குழுக்களிடம் ஒப்படைத்ததும், மாவாகவும் பிற பண்டங்களாகவும் செய்து விற்கப் பயிற்சி அளித்ததும் அப்பணியின் சிறப்பு. ஐக்கிய நாடுகள் அவை 2023ஆம் ஆண்டைச் சிறுதானிய ஆண்டாக அறிவிப்பதற்கு நெடுங்காலம் முன்பே இம்மலையில் இம்முயற்சி வேரூன்றியிருந்தது. மலைக்கு வரும் பயணி ஒருவேளை சாமைச் சோறு கேட்டு உண்பதும், சோளக்காட்டுச் சந்தையில் மிளகையும் வாழையையும் விளைவித்தவரிடமே வாங்குவதும் இந்த வேரில் நீர் ஊற்றுவதாகும். சமவெளியிலிருந்து பரோட்டாவும் பாட்டில் தண்ணீரும் கட்டிக்கொண்டு ஏறி, காலி உறைகளை மட்டும் மலையில் விட்டு இறங்குபவர் மலைக்குச் செய்யும் நன்மை எதுவுமில்லை. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளபோதிலும், அருவிகளின் கரைகளில் உடைந்த மதுப்புட்டிகளும் நெகிழியும் கிடப்பது மனத்தை வருத்தும் காட்சியாகும்.

வேறு மலைநாடுகள் இச்சிக்கலுக்குக் கண்ட வழிகள் நமக்குப் பயன்படக்கூடியவை. நேபாளத்தில் 1986இல் தொடங்கிய அன்னபூர்ணா பாதுகாப்புத் திட்டம், நடைப்பயணிகளிடம் பெறும் நுழைவுக் கட்டணத்தை அப்பகுதியின் பாதுகாப்புக்கும் ஊர்ப்பணிகளுக்கும் செலவிடும் முறையை நிலைநாட்டியது. அங்கு நடப்பவர்கள் பெரும்பாலும் ஊர்க்குடும்பங்கள் நடத்தும் சிறு விடுதிகளிலேயே உண்டு உறங்குகின்றனர். சிக்கிமின் யுக்சோம் என்னும் சிற்றூரில் உள்ளூர் இளைஞர்கள் 1996இல் அமைத்த காஞ்சன்ஜங்கா பாதுகாப்புக் குழு, மலைக்குள் செல்வோர் எடுத்துச் செல்லும் குப்பையாகக்கூடிய பொருள்களை நுழைவிடத்திலேயே பட்டியலிட்டு, திரும்பும்போது சரிபார்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தியது. நம் வெள்ளியங்கிரி மலையிலும் வனத்துறையினர் தண்ணீர்ப் பாட்டிலுக்கு அடையாளம் ஒட்டி முன்பணம் பெற்று, பாட்டிலைத் திருப்பிக் கொணர்ந்தால் பணத்தைத் தரும் முறையைக் கையாண்டுள்ளனர். ஊர்மக்கள் காவலராகவும் உரிமையாளராகவும் இருக்கும் இடத்தில் விதி உயிரோடு இருக்கிறது என்பதை யுக்சோம் உணர்த்துகிறது.

வழியறிந்தவர் துணையும் முறையான அனுமதியும் வெறும் சடங்குகள் அல்ல. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காய்ந்த புல்வெளியில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்று மலையில் இருந்த குழுக்களில் ஒன்று ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து சென்றது என்பதால் காவிரிக் கரையூர்கள் அத்துயரை இன்னும் மறக்கவில்லை. அவ்வாண்டிலேயே தமிழ்நாடு அரசு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளை வகுத்தது. 2024 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் எனப் பிரித்து, இணையவழிப் பதிவோடும் மலையோர ஊர்களைச் சேர்ந்த பயிற்சி பெற்ற வழிகாட்டிகளோடும் திறந்துவிட்டது. வழிகாட்டிக்குக் கிடைக்கும் கூலி அவருடைய ஊரிலேயே செலவாகிறது என்பது இத்திட்டத்தின் முதன்மையான நன்மை. கோடையில் காடு காய்ந்திருக்கும் மாதங்களில் பாதைகளை மூடிவைக்கும்போது பயணிகள் முணுமுணுக்கின்றனர். குரங்கணிக்குப் பின் அந்த முணுமுணுப்புக்கு நியாயம் இல்லை.

கொங்கு மக்களுக்கு நெடுநடை புதிதும் அன்று. பங்குனி உத்திரத்தின்போது கொடுமுடியில் காவிரி நீர் எடுத்துத் தீர்த்தக் காவடியோடு பழநிக்கு நடப்பதும், தைப்பூசத்தையொட்டி எடப்பாடியிலிருந்து பெருங்கூட்டமாகச் சென்று பழநி மலைமீதே பஞ்சாமிர்தம் செய்து இரவு தங்குவதும் இப்பகுதியின் பழைய மரபுகள். வழியூர்களில் நீரும் மோரும் உணவும் தந்து நடப்பவரை உபசரிக்கும் பழக்கமும், உபசரித்தவரை மதித்து நடக்கும் ஒழுக்கமும் அம்மரபில் சேர்ந்தே வளர்ந்தவை. அந்த ஒழுக்கத்தைப் பழநிச் சாலையோடு நிறுத்திவிடாமல் கொல்லிமலைப் பாதைக்கும் கொண்டுசெல்வது எளிது.

எனவே மலைக்குப் புறப்படும் பள்ளிபாளையத்து இளைஞர்கள் ஒருமுறையேனும் வாகனத்தை அடிவாரத்தில் விட்டுவிட்டு, வனத்துறையின் அனுமதியோடும் மலையூரைச் சேர்ந்த வழிகாட்டியோடும் நடந்து ஏற வேண்டும். ஓர் இரவேனும் மலையாளிக் குடும்பம் ஒன்றின் இசைவோடு அவர்கள் ஊரில் தங்கி, அவர்கள் கேட்கும் தொகையைப் பேரம் பேசாமல் கொடுக்க வேண்டும். கோயில் காடு என்று ஊரார் சுட்டும் இடத்தில் கிளையொடிக்காமலும் காலணியோடு நுழையாமலும் இருப்பதும், அனுமதி கேளாமல் யாரையும் படம் எடுக்காமல் இருப்பதும் விருந்தினர் கடமை. பழைய காலடிப் பாதைகளைச் செப்பனிட்டு, அவற்றில் நடப்போரிடம் பெறும் கட்டணத்தில் ஒரு பங்கை அந்தந்த நாட்டின் ஊராட்சிக்கே அளிக்கும் ஏற்பாட்டை நாமக்கல், திருச்சி மாவட்ட நிருவாகங்களும் வனத்துறையும் கலந்து செய்ய வேண்டும்; அதற்கான கோரிக்கையை மலைமக்களோடு சேர்ந்து எழுப்ப வேண்டியவர்கள் அம்மலையை நாடிச் செல்லும் சமவெளி மக்களே.